குன்னூரிலிருந்து கோவைக்கு வந்த ஐவி: ஒரு தொட்டிச் செடியின் பதினைந்து மாதங்கள்

பின்னணி

2024 பிப்ரவரி கடைசி வாரத்தில், கோயம்புத்தூரின் மேற்குப் பகுதியில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் இரண்டாம் தளத்தில் வசிக்கும் ஒரு குடும்பம், குன்னூர் சென்று திரும்பும் வழியில் நர்சரி ஒன்றில் ஐவிச் செடி வாங்கி வந்தது. இலையின் நடுப்பகுதி பச்சையாகவும் ஓரம் வெண்மையாகவும் இருக்கும் வகை அது. ஆறு அங்குலப் பிளாஸ்டிக் தொட்டியில் ஏழெட்டுக் கொடிகள் ஒன்றரை அடி நீளத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தன. வாங்கிய அன்று எடுத்த படத்தைப் பின்னர் எனக்குக் காட்டினார்கள். ஓர் இலையில்கூடக் குறை சொல்ல முடியாத, நல்ல செடி.

வாங்கியதற்கு அழகு மட்டும் காரணமில்லை. வீட்டில் பத்து வயதுப் பையனுக்கு வீசிங் தொல்லை உண்டு. ஐவி காற்றைச் சுத்தப்படுத்தும் என்று நாசாவே சொல்லியிருப்பதாகக் குடும்பத்தினர் படித்திருந்தார்கள். 1989இல் நாசா வெளியிட்ட ஆய்வில் ஐவியும் இடம்பெற்றது உண்மைதான். ஆனால் அந்தச் சோதனைகள் காற்றோட்டமே இல்லாத, மூடிய சிறு கூண்டுகளில் நடந்தவை. இத்தகைய சோதனைகள் பலவற்றின் அளவீடுகளை ஒன்றுசேர்த்து 2019இல் வெளியான மறு ஆய்வு, வீட்டின் இயல்பான காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால் ஒரு சதுர மீட்டர் தரைக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வரை தேவைப்படும் என்று கணக்கிட்டது. ஒரு தொட்டி ஐவியால் பையனின் மூச்சுக்கு எந்த நன்மையும் கிடைத்திருக்க வாய்ப்பில்லை. இதை இங்கே சொல்வதற்குக் காரணம், இந்த நம்பிக்கையினால்தான் செடி பால்கனிக்குப் போகாமல் ஏசி ஓடும் படுக்கையறைக்குள் போனது.

அந்த வீட்டில் ஏற்கெனவே மூன்று மணி பிளான்ட்கள் செழிப்பாக வளர்ந்திருந்தன. எனவே கொடியாகத் தொங்கும் செடி எதுவானாலும் மணி பிளான்ட்டைப் போலத்தான் என்று வீட்டுத் தலைவி எண்ணியது இயல்பே. உண்மையில் இரண்டுக்கும் தொலைதூர உறவுகூடச் சொல்ல முடியாது. மணி பிளான்ட் பசிபிக் பெருங்கடலின் வெப்பமண்டலத் தீவைச் சேர்ந்தது, சேம்பின் குடும்பம். ஐவியோ ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் மரநிழலில் தரையிலும் அடிமரத்திலும் படரும் கொடி. 10 முதல் 21 டிகிரி வரையிலான வெப்பநிலையில்தான் அது நிம்மதியாக இருக்கும். ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்திலுள்ள குன்னூரிலிருந்து 411 மீட்டர் உயரத்திலுள்ள கோவைக்கு, அதுவும் கோடையின் வாசலில், அது மூன்று மணி நேரத்தில் இறங்கி வந்திருக்கிறது.

முதல் ஏழு வாரங்கள்

இந்தப் பகுதியைக் குடும்பத்தினர் சொன்னதைக் கேட்டும், அவர்களது கைபேசியிலிருந்த படங்களின் தேதிகளை வைத்தும் எழுதுகிறேன்.

பிளாஸ்டிக் தொட்டியை அப்படியே ஒரு வெள்ளைப் பீங்கான் தொட்டிக்குள் இறக்கி, படுக்கையறை அலமாரியின் மேல் வைத்தார்கள். பீங்கான் தொட்டியின் அடியில் துளை இல்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு டம்ளர் தண்ணீர். சிறுவாணித் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் என்பதால் செடிக்குப் போர் தண்ணீர் போனது. அலமாரி இருந்த மூலைக்கு ஜன்னல் வெளிச்சம் மங்கலாகத்தான் வரும். இரவு பத்து மணி முதல் காலை ஆறு வரை ஏசியின் காற்று நேராகக் கொடிகளின் மேல் பட்டது.

மார்ச் இரண்டாம் வாரத்தில் இலைகள் மங்கின. பச்சையின் மேல் மாவு தூவியதுபோல நுண்ணிய வெளிர்புள்ளிகள். பிறகு ஓரங்கள் பழுத்துக் காய்ந்தன. தண்ணீர் போதவில்லை என்று முடிவுசெய்து, தினமும் ஊற்றத் தொடங்கினார்கள். காய்தல் நிற்கவில்லை. சில நாட்கள் வெளிச்சம் காட்டலாம் என்று பகலில் பால்கனியில் ரோஜாத் தொட்டியின் பக்கத்தில் வைத்து, மாலையில் உள்ளே எடுத்தார்கள். மார்ச் இறுதியில் உரக்கடை ஒன்றில் காய்ந்த இலையைக் காட்டியபோது, இமிடாகுளோபிரிட் அடங்கிய பூச்சி மருந்தைக் கொடுத்தார்கள். இரண்டு முறை தெளித்தும் பயனில்லை. சொல்லப்போனால் அதன் பின்புதான் நிலைமை வேகமாக மோசமானது.

சித்திரை முதல் நாளுக்கு மறுநாள் என்னை அழைத்தார்கள். “இலையெல்லாம் அப்பளமாட்ட நொறுங்குதுங்க. தண்ணி பத்தலைங்களோ என்னமோ தெரியலைங்க” என்று தொலைபேசியில் சொன்னார் வீட்டுத் தலைவி. அன்று மாலையே போய்ப் பார்த்தேன்.

நேரில் கண்டவை

செடியைத் தூக்கியதுமே பாதி விவரம் தெரிந்துவிட்டது. அந்த அளவுத் தொட்டிக்கு இருக்க வேண்டியதைவிடக் கனம் மிக அதிகம். பிளாஸ்டிக் தொட்டியை வெளியே எடுத்தபோது பீங்கான் தொட்டியின் அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்குப் பழுப்பு நிறத் தண்ணீர் நின்றது, சாக்கடை நாற்றம். மேல்மண்ணில் போர் தண்ணீரின் உப்பு வெள்ளைப் பொருக்காகப் படிந்திருந்தது, அதன் ஓரங்களில் பூஞ்சையும் இருந்தது. வீசிங் உள்ள பிள்ளை தூங்கும் அறையில் பூஞ்சை பிடித்த ஈரமண் இருப்பது நல்லதல்ல என்பதால், செடிக்கு வேறு எதைச் செய்வதற்கும் முன்பாக அதை அந்த அறையிலிருந்து வெளியே எடுத்தோம்.

அடுத்து இலைகள். ஒரு வெள்ளைத் தாளைக் கொடியின் கீழே பிடித்து, கொடியை விரலால் இரண்டு முறை தட்டினேன். தாளில் மிளகுத்தூள் தூவினாற்போல் புள்ளிகள் விழுந்தன. பத்து எண்ணுவதற்குள் அந்தப் புள்ளிகளில் பாதி நகரத் தொடங்கின. வீட்டிலிருந்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். பையன் தான் முதலில் “நடக்குது” என்றான். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்சில் பார்த்தபோது, மஞ்சள் கலந்த பச்சை உடலின் இரு பக்கமும் ஒவ்வொரு கரும்புள்ளியும் எட்டுக் கால்களும் தெரிந்தன. இருபுள்ளிச் சிலந்திப் பேன். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்குகளில் மிக மெல்லிய நூலாம்படை. அதில் மணிபோல் முட்டைகள்.

சிலந்திப் பேன் பூச்சியினம் அல்ல, சிலந்தி வகையைச் சேர்ந்தது. இமிடாகுளோபிரிட் அதைக் கொல்லாது. அந்த மருந்து தெளித்த செடிகளில் பேன் முன்னைவிடப் பெருகுவது தோட்டக்கலையில் பலமுறை பதிவாகியிருக்கிறது. இலையின் சாற்றை ஒவ்வொரு செல்லாக அது உறிஞ்சுவதால்தான் அந்த வெளிர்புள்ளிகள். வறண்ட காற்றும் வெப்பமும் அதற்கு உகந்தவை. ஏறத்தாழ 20 டிகிரியில் முட்டையிலிருந்து முதிர்ந்த பேனாக வளரக் கிட்டத்தட்ட மூன்று வாரம் ஆகும். 30 டிகிரியில் ஒரு வாரம் போதும். மலையில் மெதுவாகப் பெருகும் பேன் சமவெளியில் மூன்று மடங்கு வேகத்தில் பெருகும் என்று இதற்குப் பொருள். பால்கனி ரோஜாவின் அடி இலைகளைத் திருப்பிப் பார்த்தேன். அங்கே ஐவியைவிட அதிகம். வெளிச்சம் காட்ட வைத்த இடத்தில்தான் ஐவிக்குக் கூட்டம் ஏறியிருக்க வேண்டும்.

அறைகளின் வெப்பநிலையை மறுநாள் முழுவதும் அளந்தோம். கூடத்தில் பிற்பகல் 2 மணிக்கு 34 டிகிரி, நள்ளிரவில் 29. படுக்கையறையில் ஏசி ஓடும்போது 25. வடக்கு ஜன்னலுள்ள பின்னறையில் பகலில் 31, இரவில் 28.

ஆக, ஒரே செடியில் இரண்டு நோய். மேலே பேன் சாற்றை உறிஞ்சியது. கீழே வேர் நீரில் அழுகியது. இரண்டின் வெளித்தோற்றமும் இலை காய்வதுதான். காய்ந்த இலையைப் பார்த்துத் தாகம் என்று முடிவுசெய்து ஊற்றிய ஒவ்வொரு டம்ளரும் வேரைக் கெடுத்தது. வேர் கெட்டதால் உண்மையாகவே இலைக்குத் தண்ணீர் போகவில்லை. யாரையும் குறைசொல்ல இதில் எதுவுமில்லை. தொட்டிக்குள் விரலையும் இலைக்கு அடியில் கண்ணையும் வைக்காதவரை எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, தாய்ச்செடியைக் காப்பாற்ற முயலும்போதே அது பிழைக்காது என்று வைத்துக்கொண்டு வாரிசை எடுத்துவைப்பது. நுனிப்பகுதியில் இன்னும் பசுமையாக இருந்த கொடிகளிலிருந்து நான்கைந்து அங்குல நீளத்தில், ஒவ்வொன்றிலும் மூன்று கணு இருக்கும்படி, 14 துண்டுகளை வெட்டினோம். ஐவிக்கு இளம்பருவம், முதிர்பருவம் என்று இரண்டு உண்டு. மடல் விட்ட இலைகளோடு படரும் இளம்பருவத் தண்டு எளிதில் வேர்விடும். மடலற்ற இலையோடு பூக்கத் தொடங்கிய முதிர்பருவத் தண்டு அவ்வளவு எளிதில் வேர்விடாது. நர்சரிச் செடிகள் இளம்பருவத்தில் இருப்பவை என்பதால் இதில் எனக்கு நம்பிக்கை இருந்தது. துண்டுகளைச் சோப்புக் கரைசலில் முக்கி, ஓடும் நீரில் இலையின் இருபக்கமும் விரலால் தேய்த்துக் கழுவினோம். ஏழு துண்டுகளைச் சிறுவாணித் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குவளைகளிலும், மற்ற ஏழு துண்டுகளைத் தேங்காய் நார்த்தூளும் பெர்லைட் என்ற வெண்ணிற இலேசான பாறைத்துகளும் கலந்த சிறு தொட்டியிலும் வைத்தோம். பின்னதைப் பிளாஸ்டிக் உறையால் மூடினோம்.

இரண்டாவது, தாய்ச்செடியின் வேர். தொட்டியைக் கவிழ்த்துத் தட்டியதும் மண்ணுருண்டை வழுவிக்கொண்டு வந்தது. நல்ல வேர் வெளிர்நிறமாக, இழுத்தால் விறைப்பாக இருக்கும். இவற்றை விரலால் உருவினால் மேல்தோல் உறைபோலக் கழன்று, உள்ளே நூல் மட்டும் மிஞ்சியது. அழுகியவற்றை வெட்டி நீக்கியதில் வேரில் மூன்றில் ஒரு பங்குதான் தேறியது. அந்த அளவு வேர் தாங்கக்கூடிய இலைதான் மேலே இருக்க வேண்டும் என்பதால் கொடிகளையும் பாதிக்கு மேல் வெட்டினோம். பழைய தொட்டியைவிடச் சிறிய நான்கு அங்குலத் தொட்டியில், செம்மண், நார்த்தூள், பெர்லைட், சிறிது மண்புழு உரம் சேர்த்த கலவையில் நட்டோம். பெரிய தொட்டியில் நட்டால் வேர் எட்டாத மண்ணெல்லாம் நாட்கணக்கில் ஈரமாகவே கிடக்கும்.

மூன்றாவது, இடம். ஏசி அறையின் குளிர்ச்சி ஐவிக்கு ஏற்றதுதான் என்றாலும் அதன் வறட்சி பேனுக்கு ஏற்றது. பிள்ளையின் காரணமாகவும் அந்த அறை வேண்டாம் என்றானது. வடக்கு ஜன்னலுள்ள பின்னறையில், ஜன்னலை ஒட்டித் தரையிலேயே வைத்தோம். தரைமட்டத்தில் வெப்பம் ஓரிரு டிகிரி குறைவு.

நான்காவது முடிவில் தவறு செய்தேன். நட்டு முடித்த மறுநாள் காலை பத்து மணிக்கு லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சோப்போடு கலந்து தாய்ச்செடி முழுவதும் தெளிக்கச் சொன்னேன். வேர் இழந்து, கொடி இழந்து, தொட்டி மாறிய செடியின் மேல், வெப்பம் ஏறிக்கொண்டிருக்கும் வேளையில் எண்ணெய் தெளிக்கக் கூடாது. இலைத்துளைகளை எண்ணெய் அடைத்து இலை வெந்துபோகும். எனக்குத் தெரிந்த விஷயம்தான் இது. பேனை உடனே ஒழிக்க வேண்டும் என்ற அவசரத்தில் செய்துவிட்டேன். இரண்டு நாளில் மிச்சமிருந்த இலைகளில் பாதி எண்ணெய் பட்ட காகிதம்போல் கருத்தது.

அதன்பின் எண்ணெயை நிறுத்தினோம். பொட்டாசியம் சோப்புக் கரைசலை லிட்டருக்கு 10 மி.லி. வீதம், வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளித்து, அரைமணி கழித்து நல்ல தண்ணீரில் கழுவிவிடுவது என்று முறையை மாற்றினோம். ஐந்து நாளுக்கு ஒருமுறை, மொத்தம் ஐந்து முறை. சோப்பு நடமாடும் பேனைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. அந்த வெப்பத்தில் முட்டைகள் மூன்று முதல் ஐந்து நாளில் பொரிக்கும். பொரித்தவை வளர்ந்து மறுபடி முட்டையிடும் முன் அடுத்த தெளிப்பு நடந்தாக வேண்டும். ரோஜாவுக்கும் அதே நாட்களில் அதே தெளிப்பு. ரோஜாவை விட்டுவிட்டு ஐவிக்கு மட்டும் செய்தால் பயன் நிற்காது.

இடையில் ஒரு தொல்லை

கொடிகளை வெட்டிய அன்று இரவே வீட்டுத் தலைவியின் மணிக்கட்டிலும் முன்கையிலும் சிவந்து தடித்து அரிப்பு எடுத்தது. சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று முதலில் நினைத்தார்கள். ஐவியின் சாற்றில் ஃபால்காரினால் என்ற பொருள் உண்டு. சிலருக்கு அது தோலழற்சியை உண்டாக்கும். கையுறை அணியச் சொல்ல நான் மறந்திருந்தேன். கைகளைக் கழுவி, அடுத்த நாட்களில் செடியைத் தொடாமல் இருந்ததில் தடிப்பு ஒரு வாரத்துக்குள் அடங்கியது. பிறகு ஒவ்வொரு முறையும் கையுறையும் நீண்ட கைச்சட்டையும் அணிந்தார், தடிப்பு திரும்பவில்லை. இலையைத் தின்றால் நாய், பூனை, சிறு குழந்தைகளுக்கு வாந்தியும் வயிற்றுக் கோளாறும் வரும் என்பதையும் அப்போதுதான் சொன்னேன். வாங்கும்போதே அவர்களுக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டிய செய்தி.

தொடர்ந்து நடந்தவை

தாய்ச்செடி மே மூன்றாம் வாரத்தில் இறந்தது. எண்ணெய்த் தெளிப்புக்குப் பின் இரண்டு கணுக்களில் பொட்டுப்போலத் துளிர் எழுந்து, ஒரு வாரம் அப்படியே நின்று, கருகிவிட்டது. தொட்டியைப் பிரித்துப் பார்த்தபோது புதுவேர் ஒன்றுகூட இல்லை.

குவளையிலிருந்த துண்டுகளில் பன்னிரண்டாம் நாள் கணுக்களில் வெண்முனைகள் தெரிந்தன. மூன்றாம் வாரத்தில் ஏழில் ஐந்து ஓர் அங்குல வேர் விட்டிருந்தன. மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றும் வேலையை மூத்த மகள் எடுத்துக்கொண்டாள். உறையிட்டு மூடியவற்றில் நான்கு அழுகிவிட்டன. குளிர்ந்த ஊரில் உதவும் அந்த உறை, 31 டிகிரியில் உள்ளே ஆவி பிடித்ததுபோல் ஆக்கிவிட்டது. மிஞ்சிய மூன்றும் உறையை எடுத்த பிறகு வேர்விட்டன.

எட்டுக் கன்றுகளை மூன்றும் மூன்றும் இரண்டுமாக மூன்று தொட்டிகளில் நட்டோம். ஜூனில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கியதும் பின்னறையின் பகல் வெப்பநிலை 27க்கு இறங்கியது. அந்த நான்கு மாதங்களில் கன்றுகள் வளர்ந்த வேகத்தைப் பார்த்தபோது, கோவையில் ஐவிக்கு உண்மையான வளர்பருவம் ஆடிக் காற்றை ஒட்டியதுதான் என்று எனக்குத் தெளிவானது. கணுவுக்குக் கணு இலை பெரிதாகி, வெண்ணிற ஓரமும் தெளிவாகத் திரும்பியது. மங்கலான மூலையில் அந்த வெண்மை பச்சைக்குள் மறைந்துகொண்டிருந்தது பழைய படங்களில் தெரிகிறது. இரண்டு கன்றுள்ள தொட்டியை ஜூலையில் கோத்தகிரியிலுள்ள உறவினர் வீட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே அது தொட்டியிலேயே கைப்பிடிக் கம்பியைப் பிடித்து ஏறி, டிசம்பருக்குள் ஓர் ஆள் நீளம் வளர்ந்துவிட்டதாகப் படம் அனுப்பியிருந்தார்கள்.

தண்ணீர் விடும் முறையை மாற்றியதில் மகளின் பங்கு பெரிது. “விரலை வெச்சுப் பார்த்தா எனக்கொண்ணு தெரியுது, அம்மாவுக்கொண்ணு தெரியுதுங்க மாமா” என்று சொல்லி, தொட்டியைச் சமையலறைத் தராசில் வைத்து எடை குறிக்கத் தொடங்கினாள். தண்ணீர் ஊற்றி வடிந்த பின் 1,150 கிராம். மேல்மண் ஒரு விரல் ஆழம் காயும்போது 820 கிராம். 850க்குக் கீழே வந்தால் ஊற்றுவது என்று வைத்துக்கொண்டாள். மார்ச்சில் அது ஐந்து நாளுக்கு ஒருமுறையாகவும், மழைக்காலத்தில் பதினொரு, பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறையாகவும் அமைந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்ற பழைய கணக்கு எந்த மாதத்துக்கும் பொருந்தவில்லை.

மறுபடி அதே நிலை வந்தால்

புதிதாக வந்த செடியை மூன்று வாரமாவது மற்றச் செடிகளிடமிருந்து தனியே வைக்கச் சொல்வேன். மலைச்செடியை மாசியில் வாங்காமல், முடிந்தால் ஆனி, ஆடியில் வாங்கச் சொல்வேன்; அடுத்த கோடைக்குள் சமவெளிக்குப் பழக அதற்கு எட்டு மாதம் கிடைக்கும். பீங்கான் தொட்டி அழகுக்கு வேண்டுமென்றால், உள்தொட்டியை வெளியே எடுத்துத் தண்ணீர் ஊற்றி, வடித்துவிட்டுத் திரும்ப வைக்க வேண்டும்.

என் பங்கில், வேர் வெட்டுதல், கொடி வெட்டுதல், தொட்டி மாற்றுதல், மருந்து ஆகிய நான்கையும் இரண்டே நாளில் செய்திருக்க மாட்டேன். முதல் நாள் பேனைத் தண்ணீராலேயே பீய்ச்சிக் கழுவி, வேரை மட்டும் சரிசெய்து, பத்து நாள் நிழலில் விட்டிருப்பேன். அப்படிச் செய்திருந்தால் தாய்ச்செடி பிழைத்திருக்கும் என்று உறுதி கூற மாட்டேன். மூன்றில் ஒரு பங்கு வேரோடு கோவையின் சித்திரையைத் தாண்டுவது கடினம். ஆனால் அந்த இரண்டு துளிர்களுக்கு ஒரு வாய்ப்பு இருந்தது, அதை என் எண்ணெய் பறித்துவிட்டது என்றே இன்றும் நினைக்கிறேன்.

2025ஆம் ஆண்டின் கோடையை வீட்டிலிருந்த இரண்டு தொட்டிகளும் பின்னறைத் தரையிலேயே கழித்தன. ஏப்ரலில் வளர்ச்சி நின்றது. அடி இலைகள் சில பழுத்து உதிர்ந்தன. அதற்கு மேல் சேதம் இல்லை. ஞாயிறுதோறும் பையன் வெள்ளைத் தாளைப் பிடித்துக் கொடியைத் தட்ட, மகள் எண்ணிக் குறிக்கிறாள். மே 18ஆம் தேதிப் பக்கத்தில் அவள் கையெழுத்தில் இருப்பது இது: “முதல் தொட்டி 0. இரண்டாம் தொட்டி 3, நகருது. சாயங்காலம் ரெண்டையும் கழுவியாச்சு. ரோஜாவையும்.”